மான் தடத்தில் தபால்

அமெரிக்காவின் ஐடஹோ மலைநாட்டில் தபால் சுமந்தவள் ஆர்ஃபா டன்னிங். ஊரிலிருந்து சுரங்க முகாமுக்குக் கடிதம் போக, ஆற்றைச் சுற்றி ஒன்பது நாள் ஆனது. மலையின் குறுக்கே மான்கள் இறங்கும் தடம் ஒன்றை அவள் பார்த்து வைத்திருந்தாள்.

"அந்தப் பக்கம் கழுகுகூடப் போகாதும்மா," என்று சிரித்தார் தபால் குத்தகைக்காரர் லெமுவேல்.

"மான் போகுதுல்ல? என் கோவேறு கழுதையும் போகும்."

மறுநாள் விடிந்ததும் தபால் மூட்டையோடு கிளம்பினாள். உச்சியில் பனி இடுப்பளவு கிடந்தது. கழுதை நகர மறுத்தது. அவள் பத்தடி பனியை மிதித்துத் தடம் போடுவாள், கழுதையை இழுப்பாள், மறுபடி மிதிப்பாள். அரை மைல் கடக்க ஒரு பகல் முழுக்கப் போயிற்று. கால் மரத்துப்போயும் திரும்பிப் போகும் எண்ணம் அவளுக்கு வரவில்லை.

நான்காம் நாள் மதியம் முகாமில் மூட்டையை இறக்கினாள். சுரங்கத் தொழிலாளி ஜேகோ தன் கடிதத்தைப் படித்ததும் துள்ளி எழுந்தான்.

"என் பொண்டாட்டி இன்னும் நாலு நாள்ல ஊருக்கு வந்து இறங்குறாளாம்! பழைய வழியில வந்திருந்தா, அவ வந்தப்புறந்தான் இந்தக் கடுதாசி எனக்குக் கெடைச்சிருக்கும். நீங்க எந்த வழியா வந்தீங்கக்கா?"

"காட்டுறேன், கூட வா. வழி நெடுக அடையாளக் கம்பு நடணும். கோடாரிய எடுத்துக்கோ."

ஜேகோவோடு இன்னும் ஐந்து பேர் கோடாரியைத் தூக்கிக்கொண்டார்கள்.