மரகதவல்லியின் ஜாய்ஸ்டிக்

மரகதவல்லியின் கணவர் வைத்திலிங்கம், விருப்ப ஓய்வு வாங்கிய மறுநாள், வீட்டிலிருந்த பழைய துப்பாக்கிச் சண்டை கேமுக்குள் போய்விட்டார். போனவர் இரண்டாம் கட்டத்திலேயே தங்கிவிட்டார். அம்பத்தூர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் அதற்கு முன்பே இரண்டு பேர் அப்படிப் போயிருந்ததால் யாரும் வந்து விசாரிக்கவில்லை. ரேஷன் கார்டில் பெயர் அப்படியே இருந்தது.

அந்த மாதிரி கேமில் உள்ளே இருப்பவரின் கண் வழியாகத்தான் எல்லாம் தெரியும். ஆள் தெரியமாட்டார். துப்பாக்கி பிடித்த இரண்டு கைகள் திரையின் அடியில் தெரியும், அதற்கும் கீழே தபால்தலை அளவுக்கு ஒரு முகம். முகத்துக்குப் பக்கத்தில், உடம்பில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று ஓர் எண். வைத்திலிங்கத்துக்கு நாற்பத்தொன்று. மனுஷன் வெளியில் இருந்தபோதும் அவ்வளவுதான் இருந்திருக்கும் என்பாள் மரகதவல்லி. சுட வேண்டியவர்களை எல்லாம் அவர் முதல் வருஷமே சுட்டு முடித்துவிட்டார். பிறகு காலையும் மாலையும் அவள் கீபோர்டைத் தட்டி அவரை நடக்கவைத்தாள், அவர் ஸ்பீக்கரில் பேசினார். ஊரில் நடக்கிற குடித்தனங்களைப் பார்த்தால் இது ஒன்றும் மோசமில்லை.

ஒரே ஒரு பயம்தான் அவளுக்கு. கட்டத்தின் கோடியில் ஒரு வாசல் இருந்தது. அதற்கு அப்பால் உள்ளது மூன்றாவது பிளாப்பி டிஸ்க்கில். கேமை விற்றவர் இரண்டு பிளாப்பிதான் கொடுத்திருந்தார். வாசலைத் தாண்டினால் வைத்திலிங்கம் போய் நிற்க இடமே கிடையாது.

ஆடி மாதம் அவளுக்கு விரல் முட்டிகள் வீங்கிவிட்டன. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நிஜாம் பாய் ஒரு பழைய ஜாய்ஸ்டிக்கைக் கொண்டுவந்து செருகினார். அதற்கு நான்கு பட்டன். சுடு, கதவைத் திற, ஓடு, பக்கவாட்டில் நகர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும். சுடுவது இனி வேண்டாமே என்று அவள் அதை விட்டுப் பார்த்தாள். நான்கையும் நிரப்பாமல் திரையில் அந்தப் பக்கம் மூடவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதற்கும் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

கடைசியாக, குச்சிக்கு நடு எது என்று கேமுக்குக் காட்ட வேண்டியிருந்தது. எதிர்வீட்டு பியூலா டீச்சர் திரையில் இருந்ததைப் படித்துச் சொன்னார்: குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒன்றாம் பட்டனை அழுத்த வேண்டும். அங்கேதான் பிசகிவிட்டது. வைத்திலிங்கம் அப்போது வாசலுக்கு நேரே, திரும்ப இடமில்லாத குறுகல் நடையில் நின்றிருந்தார். அந்த நேரத்தில் கையை எடு என்றால் எந்தப் பொம்பளை எடுப்பாள்? அவளைச் சொல்லிக் குற்றமில்லை. குச்சியைத் தன் பக்கமாகக் கோடிவரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் பட்டனை அழுத்தினாள். கேம் அதையே நடு என்று எழுதிக்கொண்டது.

அதிலிருந்து அவள் பிடித்திருந்தால் அவர் நின்றார். கை தளர்ந்தால் வாசலை நோக்கி நடந்தார். பின்னால் வரும் வழி ஒழிந்துபோயிற்று. ஜாய்ஸ்டிக்கைச் செருகியதிலிருந்து கேம் கீபோர்டையும் மதிக்கவில்லை. கயிறு கட்டிப் பார்த்தார்கள். பதிவான நடுவில் அவளுடைய நாடித்துடிப்பும் இருந்தது, கயிற்றுக்கு அது இல்லை. நடுவை மாற்றலாம், ஆனால் கேமை விட்டு வெளியே வர வேண்டும் என்றார் நிஜாம் பாய். வெளியே வருவதென்றால் உள்ளே இருப்பவரை முதலில் சேமித்து வைக்க வேண்டும். அதற்கு இருந்த இடம் பத்து. பத்திலும் யார் யாரோ இருந்தார்கள். ஒன்றில் ‘செல்வி அப்பா’ என்று எழுதியிருந்தது. யார் பெற்ற பிள்ளையோ, அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஆகவே பிடித்துக்கொண்டே இருந்தாள். இடது கையால் ஒரு பூவைக்கூட வாங்காதவள் இடது கையால் சாப்பிட்டாள். நாற்காலியிலேயே தூங்கினாள். வாரம் ஒரு நாள் அவள் குளித்து வரும்வரை பியூலா டீச்சர் பிடித்துக்கொள்வார். வேற்றுக் கை என்பதால், அவள் திரும்பி வரும்போது வைத்திலிங்கம் ஓரடி முன்னால் போயிருப்பார். தூக்கத்தில் ஓரடி, தும்மலில் ஓரடி. வாசலுக்கு நாற்பது அடியாக இருந்தது கார்த்திகையில் ஒன்பது அடி ஆயிற்று.

ஒரு மத்தியானம், அடுப்பில் உலை வைத்துவிட்டு டீச்சர் வந்து உட்கார்ந்தபோது, வைத்திலிங்கம் பேசினார்.

“மரகதம், ரெண்டு நாளா இங்க தரை ஆடுது. உன் கைதானே?”

லாரி ஏதாவது போகும் என்றாள். அவரிடம் அவள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவே அவளுக்குத் தாங்கவில்லை.

“ஒம்போது அடி நான் நடந்துக்கறேன். நீ விட்டுடு. போய்ச் சோத்தை வடி.”

“நீங்க இல்லாம எனக்கு இங்க என்ன இருக்கு?”

தபால்தலை முகம் இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள், கட்டைவிரலைக் கடைசியாக.

அவர் அவசரப்படாமல் நடந்தார். வாசலைத் தாண்டியதும் திரை கறுத்து, மூன்றாவது பிளாப்பியைப் போடச் சொன்னது.

மரகதவல்லி சோறு வடிக்க எழுந்தாள். கால்கள் நிற்காமல் பின்பக்கமாகப் போயின; இத்தனை மாதம் பின்னால் இழுத்தே பிடித்திருந்ததில் அவளுக்கும் நடு இடம் மாறியிருந்தது. முகம் திரையைப் பார்த்தபடியே இருக்க, அறையைக் கடந்து, கூடத்தைக் கடந்து போனாள். பியூலா டீச்சர் முந்திப் போய் வாசல் கதவைத் திறந்துவிட்டு, மாடிப்படி ஒவ்வொன்றையும் எண்ணிச் சொன்னார். தெருவில் ஓர் ஆட்டோக்காரர், வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து, எதுவரைக்கும் என்று கேட்டார்.