பால் காய்ச்ச அடுப்பில்லாத வீடு

1

போன மாதம் யாரோ ஒருவருடைய புதுவீட்டுப் பால்காய்ப்பில் ஓசிச் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது கிடைத்த கதை இது. சொன்னவள் இன்ஜினியர் அஞ்சு. நான் கொஞ்சம் உப்பு மட்டும் போட்டிருக்கிறேன்.

2

'பாவம் செசிலி, நாற்பது வயதிலும் குழந்தை மனசு—'

(இந்த வரியை அடித்துவிட்டேன். தேங்காய்ப்பட்டணத்தில் அவளிடம் வாயைக் கொடுத்தவர்கள் யாரும் அவளைப் பாவம் என்று சொல்ல மாட்டார்கள்.)

மறுபடியும். 2012. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள செசிலியும் அவளுடைய இரண்டு தோழிகளும் தாங்களே குடியிருக்க அஞ்சு ஒரு வீடு வரைந்தாள். ஆளுக்கொரு அறை, அடையாளம் தெரிய ஆளுக்கொரு நிறத்தில் கதவு, உள்ளேயிருந்து போடுகிற தாழ்ப்பாள். தாழ்ப்பாள் செசிலி கேட்டு வாங்கியது. தம்பி யூஜின் வீட்டில் அவள் அறைக்கு வெளியேதான் தாழ்ப்பாள். புது வீடு சரிப்படாவிட்டால் திரும்பவும் அந்த அறைதான்.

யூஜினைக் கெட்டவனாக எழுதப் பார்த்தேன், வரவில்லை. அவன் பயந்தவன். "அடுப்பு இருந்தா தீ வச்சிருவா" என்றான். சோறு அவன் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும் என்று முடிவானது. சமையலறையே போடவில்லை.

3

பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்து ஆசீர்வதித்தார். ஊர் கூடி நின்றது. பாலும் வந்தது. அப்புறம்தான், காய்ச்ச அடுப்பைத் தேடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

(இந்த வீட்டுக்காக மாசக்கணக்கில் கூட்டம் போட்டவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அவரவர் வீட்டில் அடுப்பு இருந்தது.)

"எங்க வீட்டுல காய்ச்சிக் கொண்டாரேன்" என்றான் யூஜின்.

"ஏலே, அங்க காய்ச்சினா அது ஒனக்க வீட்டுப் பால்காய்ப்பு. எனக்க வீட்டுப் பால்காய்ப்பு எங்க?"

செசிலி பால் செம்பை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அஞ்சுவுக்குக் காது சுட்டது. "எனக்க தப்புதான்க்கா. அடுப்பு எங்க வேணும்னு காட்டுங்க."

செசிலி எழுந்துபோய்க் கூடத்து ஜன்னலடியைக் காட்டினாள். யூஜின் தன் வீட்டு அடுப்பையும் சிலிண்டரையும் தூக்கிவந்து அங்கே வைத்தான். செசிலியே திருகினாள், அவளே பற்றவைத்தாள். பால் பொங்கியதும் பெண்கள் போட்ட குரவையில் கடற்கரையே திரும்பிப் பார்த்தது.

4

முடிவு, ஒன்று: பால் வழிந்து தீ அணைந்து, கேஸ் வீடெல்லாம்—

(வேண்டாம். இப்படிப்பட்ட முடிவுகளை எழுதியெழுதித்தான் அவளுக்கு அடுப்பில்லாமல் செய்தோம்.)

முடிவு, இரண்டு: ஜன்னலடி சமையலறையாகிவிட்டது. செசிலி மீன்கறி வைக்கிறாள், யூஜின் வந்து இரண்டாம் தடவையும் சோறு கேட்கிறான். இதுதான் நடந்தது. ஆனாலும் உங்கள் முகத்தில் ஒரு கேள்வி நிற்கிறது.

தினமும் மறக்காமல் அடுப்பை மூடுகிறாளா என்றுதானே? உங்கள் வீட்டு அடுப்பை மூடினீர்களா? போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியை நீங்களே எழுதுங்கள்.