மெதுவாகப் போனால் வரும் சத்தம்

ரூபினியின் வெள்ளைக் கார் வாசலில் திரும்பினாலே பிரேமலாவுக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். அன்று காலையும் எரிந்தது. இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள். எண்ணினால் இன்னும் எரிகிறது.

ஜோகூர் பாருவுக்குப் பக்கத்தில், உலு திராமில் வசந்தனின் கார் வொர்க்ஷாப்பைத் தெரியாதவர்கள் குறைவு. வசந்தன் வண்டிகளுக்கு அடியில் கிடப்பான். அவன் மனைவி பிரேமலா கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பணம் வாங்குவாள், போன் எடுப்பாள். அது மட்டும்தான் அவளுக்குத் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். கடை திறந்த புதிதில் ஆள் வைக்க வசதியில்லாதபோது புருஷனோடு சேர்ந்து சக்கரம் கழற்றியவள் அவள். ஸ்பேனர் பிடித்த கை இன்னும் மறக்கவில்லை.

ரூபினி முதல் தடவை வந்தது நியாயமான வேலைக்குத்தான். முன் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புக் கைக்கு லோவர் ஆர்ம் என்று பெயர். அது ஏறி இறங்க இடம் கொடுக்கும் ரப்பர்தான் புஷ். ரூபினியின் காரில் அந்த ரப்பர் கிழிந்திருந்தது. வசந்தன் தன் கையாலேயே புதுசு போட்டுக் கொடுத்தான். மறுவாரமே அவள் வந்து நின்றாள்.

"அண்ணே, வேகமா போனா ஒன்னும் இல்ல. தாமான் உள்ள, வீட்டுத் தெருவுல மெதுவா வரும்போது, பம்ப் ஏறி எறங்கும்போதுதான் கிரீச் கிரீச்னு சத்தம் வருது. பழைய கட்டில் மாதிரி."

கட்டில்! அந்த ஒரு சொல்லைப் பிரேமலா நாள் முழுக்க மென்றாள். பழைய கதவு என்று சொன்னால் வாய் வலிக்குமா இவளுக்கு? ஊஞ்சல் என்று சொல்லக் கூடாதா?

மெதுவாகப் போனால் மட்டும் வரும் சத்தத்தை வண்டியை நிறுத்தி வைத்துப் பிடிக்க முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ரேடியோ, ஏர்கோன் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஆள் நடக்கிற வேகத்தில் உருட்ட வேண்டும். எந்தச் சத்தம் என்று காட்ட வண்டிக்காரர் பக்கத்தில் இருந்தால் நல்லது. இதெல்லாம் பிரேமலாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் மற்ற வண்டிகளை இரண்டு தெரு சுற்றிவிட்டு வருகிறவன், இந்த வண்டியில் மட்டும் ஊரையே சுற்றிவிட்டு வருவானேன்? ஏறுவதற்கு முன் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவானேன்? கடைக்கு வரும் பெண்களையெல்லாம் சிஸ்டர் என்று கூப்பிடுகிறவன், இவளை மட்டும் ரூபினி என்றான்.

இத்தனை இருந்தும் பிரேமலாவின் ஆத்திரமெல்லாம் ரூபினி மேல்தான் இருந்தது. அவளுடைய சிரிப்பு பிடிக்கவில்லை. அவள் போட்டுவரும் செண்ட் பிடிக்கவில்லை. அவள் அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுவதுகூட நடிப்பாகத்தான் பட்டது. இவள் புருஷன் விடிவதற்கு முன்பே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறான், இவளுக்குப் பொழுது போகவில்லை, இல்லாத சத்தத்தைச் சொல்லிக்கொண்டு என் கடைக்கு வருகிறாள். இப்படித்தான் பிரேமலா கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அன்று ரூபினி சாவியைக் கவுண்டரில் வைத்தாள். "அக்கா, வண்டிய விட்டுட்டுப் போறேன். கூட்டாளி வந்து ஏத்திக்குவா. எப்படியாச்சும் இன்னிக்கு முடிச்சுத் தரச் சொல்லுங்க. அந்தச் சத்தத்துல தலவலியே வந்துருச்சு."

"சொல்றேன்," என்றாள் பிரேமலா, முகம் கொடுக்காமல்.

மதியம் வசந்தன் சாமான் வாங்க ஜோகூர் பாருவுக்குக் கிளம்பினான். வெள்ளைக் காரை அவன் தொடவே இல்லை. அவன் தலை மறைந்ததும் பிரேமலா சாவியை எடுத்தாள். ரூபினி சொல்லும் சத்தம் பொய் என்று தன் காதால் கேட்டுவிட வேண்டும், சாயங்காலம் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். தாமான் குடியிருப்பின் முதல் வேகத்தடை பம்ப்பில் வண்டியை மெதுவாக ஏற்றினாள்.

கிரீச்.

அடுத்த பம்ப்பிலும் அதே கிரீச். இடது முன்பக்கம், சந்தேகமே இல்லை. பிரேமலாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. கடைக்குத் திரும்பி, ஸ்டியரிங்கை ஒடித்து வைத்து, போன் வெளிச்சத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் அடித்துப் பார்த்தாள். புது ரப்பர் பிழிந்த துணியாக முறுக்கிக்கொண்டு கிடந்தது.

பார்த்ததும் புரிந்துவிட்டது. வண்டியைத் தூக்கினால் சக்கரம் தொங்கும், லோவர் ஆர்மும் தொங்கும். அப்போதே போல்டை இறுக்கிவிட்டால் ரப்பர் அந்தத் தொங்கலிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் முறுக்கிக்கொண்டு கத்தும். அதனால் சக்கரங்களைப் பலகை மேல் இறக்கி, பாரம் முழுக்க உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. வசந்தன் கடையில் இதுதான் சட்டம். இதை மறந்ததற்காக ஒரு வேலையாளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவன் அவன்.

அப்படிப்பட்டவனே மறந்திருக்கிறான். மறக்காமல் என்ன செய்வான்? பக்கத்தில் நின்று இவள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்திருப்பாள். அந்தப் பழியையும் பிரேமலா ரூபினி கணக்கிலேயே எழுதினாள்.

கவுண்டரைப் பூட்டிவிட்டு, முன் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றினாள். அட்டையை விரித்துப் படுத்து போல்டைத் தளர்த்தினாள். டக்கென்று ரப்பர் முறுக்கு விட்டு நேரானது. பலம் கொண்டமட்டும் இறுக்கினாள். மறுபடி ஓட்டிப் பார்த்தபோது பம்ப்பில் மூச்சுக்கூட இல்லை.

கடைக்குத் திரும்பிய வசந்தனிடம் அவள் சொல்லவில்லை. ரூபினி வரட்டும், இல்லாத சத்தம் கேட்கிறது என்று இவர் முன்னால் சொல்லட்டும், அப்போது பிடித்துக்கொள்வோம் என்று காத்திருந்தாள்.

சாயங்காலம் ரூபினி வந்தாள். வசந்தன் கையைக் கழுவிக்கொண்டே, "புஷ்ஷுக்கு கிரீஸ் அடிச்சிருக்கேன், ரூபினி. வாங்க, ஒரு சுத்து போய்ப் பாத்துரலாம்," என்றான். வண்டியைத் தொடாமலே அடித்த கிரீஸ்! வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தக் கடைக்காரன் சொல்வதுதான் என்று பிரேமலா அதையும் விழுங்கிக்கொண்டாள்.

"நானும் வரேன்," என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு? கடைய யாரு பாக்குறது?"

"கடை எங்கயும் ஓடிடாது."

முதல் பம்ப். சத்தமில்லை. இரண்டாவது பம்ப். சத்தமில்லை. பிரேமலா ரூபினியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, போயிருச்சு," என்றாள் ரூபினி. அவள் முகம் மலர்ந்திருந்தது. "சத்தியமா போயிருச்சு. அப்பாடா. இனிமே உங்கள வந்து தொல்ல பண்ண மாட்டேன்."

வசந்தன் வண்டியைத் திருப்பி அதே பம்ப்பில் இன்னும் மெதுவாக ஏற்றினான். காதைச் சாய்த்துக் கேட்டான்.

"இல்ல ரூபினி, இருக்கு. லேசா கேக்குது பாருங்க. உங்களுக்குப் பழகிப் போச்சு, அதான் தெரியல."

"எனக்கு ஒன்னும் கேக்கலையே அண்ணே."

"இருக்கு. அப்படியே விட்டா பெருசாயிரும். வியாழக்கெழம கொண்டாங்க, இன்னொரு தடவ ஓட்டிப் பாப்போம்."

பிரேமலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த போல்டை அவன் தொங்கலில் இறுக்கியது மறதியால் அல்ல. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் கத்தும், கத்தினால் ரூபினி திரும்பி வருவாள் என்று தெரிந்தே இறுக்கியிருக்கிறான். இவளோ தலைவலி தீர வேண்டும் என்று மட்டும்தான் வந்திருக்கிறாள். இத்தனை நாள் எரிந்த வயிறு தப்பான ஆளுக்காக எரிந்திருக்கிறது.

ரூபினி பின்னால் திரும்பினாள். "அக்கா, உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்கலம்மா. மத்தியானம் நான்தான் வண்டிய பலகையில ஏத்தி அந்த போல்ட்ட தளத்தி எறுக்குனேன். தூக்கி வெச்சே எறுக்கிருந்தாங்க, அதான் சத்தம். இனிமே வராது."

"நீங்களா?" ரூபினி சிரித்துவிட்டாள். "அலமாக், அப்ப நீங்கதான்க்கா பெரிய பொரோமன், மெக்கானிக்கெல்லாம் தோத்தாங்க. இவ்வளவு நாளா அண்ணனுக்கு இது தெரியலையே."

"அவருக்குத் தெரியும்மா," என்றாள் பிரேமலா.

வசந்தன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ரூபினி ஒருமுறை அவனைப் பார்த்தாள், பிறகு பிரேமலாவைப் பார்த்தாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. கதவோரமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, "என்னய இங்கயே எறக்கி விடுங்க. வண்டிய எங்க வீட்டுக்காரரு வந்து எடுத்துக்குவாரு," என்றாள்.