தொண்ணூற்றொன்பது என்று குறிக்கப்பட்ட வால்வு

சின்னபாலூர் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் பழைய கணிப்பொறி நிரல் நீக்கப்பட்டுப் புதிய நிரல் நிறுவப்பட்ட நாள், 2003ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் இருபதாம் நாள், புதன்கிழமை. மாலை சூட்டப்பட்டிருந்த கணிப்பொறியின் பொத்தான் ஒன்றை நகராட்சித் தலைவர் அழுத்தினார். அச்சுப்பொறி முதல் பணிப்பட்டியலை வெளியே தள்ளியது. அனைவரும் கைதட்டினர். ஜாங்கிரியும் மிக்சரும் வழங்கப்பட்டன.

பழைய நிரலை ஒன்பது ஆண்டுகள் இயக்கிய சவுரியம்மாளும் கைதட்டினாள். ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு வால்வுகள் இருந்தன. குறித்த காலத்தில் திறந்து மூடிப் பார்க்காவிட்டால் வால்வு துருப்பிடித்து இறுகிவிடும். எந்த வால்வை எந்த நாளில் இயக்க வேண்டும் என்று பட்டியலிடுவதே நிரலின் வேலை. பட்டியலைக் குழாய் வேலை பார்க்கும் பிட்டர்களிடம் சேர்ப்பது அவளுடைய வேலை.

பகல் இரண்டரை மணிக்கு, விழா ஓய்ந்தபின், கோப்பில் சேர்ப்பதற்காக அந்தப் பட்டியலின் நகலை அவள் கையில் எடுத்தாள். முதல் பதினேழு வரிகளைப் படித்ததும் வாயிலிருந்த மிக்சரை விழுங்க மறந்தாள். பதினேழு வரிகளுக்கும் அருகே நட்சத்திரக்குறி இருந்தது. "தாமதம்: 1328 நாட்கள். உடனே திறந்து இயக்குக."

அவை திறக்கவே கூடாத வால்வுகள்.

1994இல் பழைய நிரல் வந்தபோது, அடுத்து இயக்க வேண்டிய தேதி என்னும் கட்டத்தை வெறுமையாக விட அது இடங்கொடுக்கவில்லை. நிரந்தரமாக மூடப்பட்ட வால்வுக்கு எந்தத் தேதியைக் கொடுப்பது? மூத்த பிட்டர் கவுஸ் பாஷா தேநீரை உறிஞ்சியபடியே வழி சொன்னார். "எவ்ளோ தூரத்துல தேதி கீதோ அதப் போடும்மா. அதுக்குள்ள நாம எங்க இருப்பமோ." ஆண்டுக்கு இரண்டே இலக்கங்களை ஏற்ற அந்த நிரலில் ஆகத் தொலைவான தேதி 31-12-99. அன்றிலிருந்து அப்பிரிவில் தொண்ணூற்றொன்பது என்றால் என்றுமே திறக்காதே என்று பொருள். 1999 டிசம்பரில் பதினேழு வால்வுகளும் ஒரே தாளில் அச்சாகி வந்தபோது, கவுஸ் பாஷா சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பித் தந்தார். "எல்லாம் தூங்குதும்மா. எழுப்பாத." ஆண்டு 00 ஆனதும் பழைய நிரலுக்கு 99 மீண்டும் எட்டாத் தொலைவாயிற்று; புதிய நிரலோ அதை 1999 என்றே படித்தது.

பட்டியலின் முதல் வரி, சவுரியம்மாள் குடியிருந்த சுண்ணாம்புக்கார வீதியின் முனையிலுள்ள வால்வு. அதற்கப்பால் செல்லும் பழைய இரும்புக் குழாய், தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுக் கால்வாய்க்கு அடியில் கிடந்தது. நீர்வரத்து நின்றிருக்கும் வேளைகளில் அரித்துப்போன குழாய்க்குள் கழிவு கசிந்து இறங்கும். அதனாலேயே அதை மூடிவிட்டு, வீதிக்கு வடக்கிலிருந்து புதுக்குழாய் போட்டுக் கொடுத்தார்கள். நான்கு நாட்களுக்கு ஒருமுறை வரும் தண்ணீர் அன்று மாலை நான்கு மணிக்கு அவ்வீதிக்கு வரவேண்டும். ஒப்பந்தப் பிட்டர் பூவரசனோ நண்பகலிலேயே அசல் பட்டியலுடன் புறப்பட்டிருந்தான். ஜோலார்பேட்டையிலிருந்து புதிதாக வந்தவனுக்குத் தொண்ணூற்றொன்பதைப் பற்றி என்ன தெரியும்?

அவள் உதவிப் பொறியாளரின் அறைக்கு ஓடினாள்.

"புது சாப்ட்வேர்ல தப்பு வராது மேடம்," என்றார் அவர். "பழைய டேட்டாவ அப்படியே ஏத்தியிருக்காங்க."

"அப்படியே ஏத்துனதுதான் சார் தப்பு."

பொறியாளர் புருவத்தை உயர்த்துவதற்குள் அவள் பண்டக அறையில் இருந்தாள். கவுஸ் பாஷா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. மொபெட்டைக் கிளப்பினார்; அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். தன்னைப்போலவே அவரும் அஞ்சுகிறார் என்று சவுரியம்மாள் எண்ணிக்கொண்டாள்.

வால்வுத் தொட்டியின் விளிம்பில் பூவரசன் பீடி பிடித்தபடி அமர்ந்திருந்தான்.

"தொறந்துட்டியாப்பா?"

"இன்னாத்தம்மா தொறக்கறது? இது முழுசா தொறந்துதான் கெடக்குது. மூடித் தொறந்து பாத்தேன், வெண்ண மாதிரி ஓடுது. ஜம்முனு கிரீஸ் போட்டு வெச்சிக்கிறாங்க. யாரோ நல்ல வேலைக்காரன்."

ஒன்பது ஆண்டுகள் மூடிக்கிடந்த வால்வு வெண்ணெயைப்போல் ஓடாது. சவுரியம்மாள் மண்டியிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டாள். விரலில் ஒட்டியது மஞ்சள் நிறக் கிரீஸ், நேற்றுப் பூசியதைப்போல் வழுவழுப்பாக. கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். பிறகு திரும்பினாள். கவுஸ் பாஷா கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய்."

"தொண்ணூத்தெட்டு மே மாசம்," என்றார் அவர். "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவுல போயிருந்த. ஜனங்க ரோட்டுல கொடத்த வெச்சி பஸ்ஸ மறிச்சிட்டாங்க. ரெண்டு நாளைக்குத் தொறந்து வுடுன்னாரு கவுன்சிலரு. தொறந்தேன். தண்ணி ஜாஸ்தியா வந்திச்சி. மூடப் போனப்ப ஜனங்க வுடல."

"அஞ்சு வருஷமா?"

"இன்னிக்கி மூடலாம், நாளிக்கி மூடலாம்னு…"

"தொண்ணூத்தொன்பது டிசம்பர்ல லிஸ்ட்டக் குடுத்தப்ப சிரிச்சீங்களே."

"வேற இன்னா பண்றது."

இரண்டாண்டுகளுக்கு முன், எதிர்வீட்டுக் கமலம் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து காட்டியிருந்தாள். இலேசான செம்மை, ஆறிய தேநீரில் பாதி நீர் கலந்தாற்போல். கிணறுகளே நிறம் மாறிப்போன அந்த ஊரில் அது ஒருவருக்கும் புதுமையன்று. ஆயினும் சவுரியம்மாள் மறுநாள் அலுவலகத்தில் நிரலைத் திறந்து பார்த்தாள். மூடப்பட்டது, 31-12-99 என்றிருந்தது. "நான் என் கண்ணால பாத்துட்டேன், பயப்படாம குடிங்க," என்று வீதி முழுவதற்கும் சொன்னாள். அவள் கண்ணால் பார்த்தது, அவளே தட்டச்சிட்ட எண்ணை.

சென்ற ஆண்டு கமலத்தின் கணவர் வேதாசலம் மஞ்சள் காமாலையில் இறந்தார். சாராயந்தான் ஆளைக் கொன்றது என்று வீதியே பேசியது. அவர் ஒரு சொட்டும் தொடமாட்டார் என்று கமலம் பிணத்தின் தலைமாட்டில் சத்தியம் செய்தாள். ஒருவரும் நம்பவில்லை. சவுரியம்மாளும் நம்பவில்லை.

"மூடுப்பா," என்றாள் பூவரசனிடம். இருபத்திரண்டு சுற்றுகள். ஒவ்வொன்றையும் எண்ணினாள்.

புதிய நிரலின் பணித்தாளில், வால்வு காணப்பட்ட நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் பேனாவை எடுத்தபோது கவுஸ் பாஷா அருகே வந்தார்.

"மூடியிருந்திச்சின்னு எழுதிடும்மா. எனக்கு இன்னும் ஏழு மாசந்தான் சர்வீஸ். பென்ஷன நிறுத்திடுவாங்க."

"மத்த பதினாறு வால்வு?"

கவுஸ் பாஷா மொபெட்டின் கைப்பிடியைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

பூவரசன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

சவுரியம்மாள் எழுதினாள்: "முழுவதும் திறந்திருந்தது. 1998 மே முதல்." அடியில் கையொப்பமிட்டாள். கையிலிருந்த கிரீஸ் தாளின் ஓரத்தில் படிந்தது.

வீதிக்குள் நுழைந்தபோது மணி மூன்று ஐம்பது. தெருக்குழாயடியில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாய் நின்றன. வரிசையின் தலையில் கமலம்.

"இன்னாக்கா, ஆபீசுல ஜாங்கிரியாமே? எங்களுக்கு ஒண்ணு எடுத்தாந்திருக்கக் கூடாதா?"

"கமலா, தண்ணி புடிக்காத. யாரும் புடிக்க வேணாம். குழாய் முழுக்கக் கழுவி வுட்டப்பறம் சொல்றேன்."

"ஏன்?"

"முனையில இருக்கற வால்வு தொறந்தே இருந்திருக்கு. அஞ்சு வருஷமா."

கமலம் சிரித்தாள். "வெளயாடாத. நீதான சொன்ன, மூடிக்கீதுன்னு. கண்ணால பாத்தேன்னு சொன்ன."

"நான் வால்வப் பாக்கல. கம்ப்யூட்டரத்தான் பாத்தேன்."

குழாய் காற்றைக் கக்கியது, இருமியது, தண்ணீர் வரத் தொடங்கியது. பழக்கதோஷத்தால் முன்னே நகர்ந்த குடத்தின் வாயில் கமலம் கையை வைத்து மூடினாள். விரல்களின் மேல் விழுந்து சிதறிய நீர் மங்கிய சிவப்பாய் இருந்தது. பின்னாலிருந்த பெண்கள் என்னவென்று கேட்டார்கள்.

கமலம் கையை எடுக்காமலேயே நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்ப எங்க வூட்டுக்காரரு குடிக்கல," என்றாள்.

"குடிக்கல," என்றாள் சவுரியம்மாள்.

கமலம் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். அதன்மேலேயே உட்கார்ந்தாள். குழாயை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை.