காலி ஜீப்

வேலப்பனின் ஜீப் காலியாக மலை ஏறியதே இல்லை. பின்னால் பத்துப் பேர், முன்னால் மூன்று பேர், படியில் இரண்டு பேர். அவ்வளவு பேர் சேராமல் அடிவாரத்து விதுராவிலிருந்து அவன் வண்டியை எடுக்கமாட்டான். அந்தப் பாரத்தோடு ஜீப் கற்களின் மேல் தவழ்ந்து போகும். மேலே போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் அதற்குத் தொட்டில் என்று பெயர்.

அன்று ஸ்டாண்டில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் ஜீப்பின் பின்பக்கம் மெத்தை விரித்து அவன் மனைவி நீலாம்பாள் படுத்திருந்தாள். கொளுந்து பறிக்கும்போது சறுக்கி விழுந்தவளுக்கு இடுப்பில் செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் விதுராவோடு திரும்பிவிட்டது. அதற்கு மேல் உள்ள ரோட்டுக்கு அது வராது.

குலுங்கக் கூடாது, மூட்டு நழுவினால் மறுபடி கத்திதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலையாளத்தில் சொன்னதை வேலப்பன் இரண்டு முறை கேட்டுக்கொண்டான்.

"ஏறுங்க, ஓரமா ஒக்காரலாம்" என்றான்.

லைன் வீட்டு சுனில் கையை ஆட்டினான். "வேண்டாம்ணா. ஒங்க ஜீப்புல இதுவரைக்கும் யாரும் கால நீட்டினதில்ல. அக்காவாவது நீட்டிட்டுப் போட்டும்."

"பின்னே நீங்க எப்படி வருவீங்க?"

"எங்களுக்குக் காலு இருக்கில்லே?" சொன்ன பிறகுதான் சுனில் நீலாம்பாளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் சிரித்தாள்.

ஒருவரும் ஏறவில்லை.

தார் முடிந்ததும் ஜீப் துள்ளத் தொடங்கியது. ஒரு கல்லில் ஏறி இறங்கினால் நாலு முறை எம்பியது. வேலப்பன் வேகத்தைக் குறைத்தான். நடக்கிறவன் முந்திப் போகிற அளவுக்குக் குறைத்தான். அப்போதும் எம்பியது. ஐந்தாவது வளைவைத் தாண்டி நிறுத்தி, அடியில் புகுந்து பார்த்தான்.

பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் போயிருந்தன. இடது பக்கத்தில் தண்டு கழன்று தொங்கியது. வலது பக்கத்தில் எண்ணெய் ஒழுகி, சேறு அப்பி, சேறும் காய்ந்திருந்தது. பிடித்து ஆட்டினான். தடையே இல்லாமல் ஆடியது. உடைந்து எத்தனை மாதமோ, வருஷமோ. ஆட்களின் பாரத்தில் வண்டி எம்பாததால் அவனுக்குத் தெரியவில்லை.

"என்னாச்சு?" என்றாள் நீலாம்பாள்.

"ஷாக் ஒடிஞ்சிருக்கு."

"இப்பவா?"

"இப்ப இல்ல."

ஓடையில் இறங்கிக் கற்களைப் பொறுக்கினான். இரண்டு கைக்கு அடங்குகிற கற்கள். சீட்டுகளுக்கு அடியிலும் மெத்தையின் இரு பக்கமும் அடுக்கினான். கற்கள் உருளாமல் இருக்கச் சாக்கைத் திணித்தான். பனி இறங்கிவிட்டது. சட்டை முதுகில் ஒட்டியது. ஸ்பிரிங் பட்டைகள் அழுந்தி வண்டி தாழ்ந்தபோது அடுக்குவதை நிறுத்தினான்.

"வலி இருக்கா?"

"மூணாவது வளைவிலேயே தொடங்கிச்சு."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க அவ்வளவு மெதுவா ஓட்டிட்டு இருந்தீங்க. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

போர்வையை விலக்கினான். அறுவை செய்த காலின் பாதம் உள்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. தொடப் போனான். அவள் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"வீட்ல போய்ப் பாத்துக்கலாம்" என்றாள்.

வீடு மூன்று வளைவுக்கு மேலே இருந்தது. அவன் போர்வையை மூடினான். அகலமான இடம் வரும்வரை வண்டியைப் பின்னோக்கியே ஓட்டினான். அங்கே முன்னும் பின்னுமாக ஏழெட்டுத் தடவை எடுத்து வண்டியைத் திருப்பினான். ஆஸ்பத்திரிக்குத்தான் திரும்புகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வழியில் சுனிலும் மற்றவர்களும் ஏறி வந்துகொண்டிருப்பார்கள். ஜீப் ஏன் கீழே வருகிறது என்று கேட்பார்கள்.

கற்களின் பாரத்தில் வண்டி அலுங்காமல் இறங்கியது.

"இப்ப குலுக்கமே இல்ல, கேட்டீங்களா" என்றாள் நீலாம்பாள்.

வேலப்பன் கியரைக் குறைத்தான்.