இடது கால் சத்தம்

சினிமாவுக்குக் கால் கொடுப்பது என் தொழில். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே அதுதான். திரையில் ஒருவர் நடக்கும் சத்தம் படப்பிடிப்பில் ஒழுங்காகப் பதிந்திருக்காது. ஒலிப்பதிவு அறையில் படத்தைப் பார்த்துக்கொண்டே, பொருத்தமான செருப்பையோ ஷூவையோ மாட்டிக்கொண்டு, அதே வேகத்தில் நான் நடப்பேன். சண்டைக் காட்சி என்றால் ஈரத் தோல் ஜாக்கெட்டைத் தலையணையில் அறைவேன். எலும்பு முறிய வேண்டுமென்றால் கேரட்டைத் துணியில் சுற்றி முறிப்பேன். இருபது வருடத்தில் நான் முறித்த கேரட்டுக்கு முயல்களெல்லாம் சேர்ந்து என்மேல் வழக்கே போடலாம்.

ஒரு சண்டைப் படத்தின் இரண்டாம் பாகம் என்னிடம் வந்தபோது எனக்கு இளக்காரம்தான். முதல் பாகம் ஓடிவிட்டது, அதையே சுடவைத்துப் பரிமாறுகிறார்கள் என்று நினைத்தேன். முதல் பாகத்தில் ஹீரோவுக்கு டூப் போட்டவன் என் தம்பி. எங்கிருந்து விழுந்தாலும் துள்ளி எழுவதால் சண்டைக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரப்பர். அந்தப் படத்தில்தான் ரப்பரின் இடது முட்டி போனது. இன்னொரு தடவை விழுந்தால் நடப்பதே சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை நான் விழல அக்கா. ஹீரோவுக்குச் சொல்லிக்கொடுக்கிறதோட சரி," என்று என்னிடமும் அவன் பெண்டாட்டியிடமும் சத்தியம் செய்துவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது கையில் ஊன்றுகோல். தங்கியிருந்த இடத்தில் பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம். நம்பினோம்.

மூன்று மாதம் கழித்து மாடிப்படிச் சண்டை என் திரைக்கு வந்தது. ஐந்து மாடி, ஏழு நிமிடம், ஒரே ஷாட். மேலே பூட்டிய அறையில் ஹீரோவின் மகள். ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள். படியேறும் ஹீரோவின் முதுகை விட்டுக் கேமரா விலகுவதில்லை. இரண்டு மாடி ஒழுங்காக நடந்தேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு பல்பு உடைந்து அரை விநாடி இருட்டு. வெளிச்சம் வந்தது, தொடர்ந்து நடந்தேன். ரெக்கார்டிஸ்ட் நிறுத்திவிட்டான்.

"என்னக்கா ஆச்சு? பல்பு உடைஞ்சதுலேர்ந்து இடது கால் லேட்டா விழுது."

"படத்தைப் பார்த்துதானேப்பா நடந்தேன்."

"ஹீரோ நொண்ட மாட்டாரேக்கா."

திரும்பப் போட்டுக் காட்டினான். சத்தம் படத்தோடு மயிரிழை பிசகாமல் ஒட்டியிருந்தது. இடது குதிகால் தரையைத் தொடுமுன் கொஞ்சம் யோசிக்கிறது, பிறகு அழுந்துகிறது. கண்ணுக்குத் தெரியுமுன் என் காலுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கால் நடை பழகியபோது விரல் பிடித்தவள் நான். இருட்டில் ஆளை மாற்றியிருக்கிறார்கள். அது என் தம்பி.

மிச்சத்தை நடக்காமல் பார்த்தேன். நாலாவது மாடியில் ஒருவன் மார்பில் உதைக்கிறான். தம்பி பதினோரு படி உருள்கிறான். உருளும்போது இடது கால் கம்பிக்குள் மாட்டித் திரும்புகிறது. அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நிஜமாக அடிபட்டால் கையைத் தூக்க வேண்டும், கேமரா நின்றுவிடும். தம்பியின் கை எழுந்தது. தோள்வரை வந்தது. அங்கிருந்து திரும்பிக் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டது.

எழுந்து ஏறினான். வலது காலை மேல் படியில் வைப்பான், இடது காலை இழுத்து அதன் பக்கத்தில் சேர்ப்பான், அடிப்பான். அப்படியே இரண்டரை நிமிடம். எதிரே வந்த ஒருவன் விஷயம் புரிந்து ஒரு கணம் தயங்குகிறான். தம்பி அவன் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கிறான், அடி என்று சொல்வதுபோல. அவன் அடிக்கிறான். தம்பி தாங்கிக்கொண்டு திருப்பி அடிக்கிறான்.

இருபது வருடம் பொய்யடிகளுக்குச் சத்தம் போட்டவள் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பிரமிப்பு. ஹீரோ ஜெயிப்பான் என்று முதல் பாகத்திலேயே தெரிந்துபோயிற்று. தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இதைப் பார்க்கிறோம் என்றால், காரணம் இது ஏற்கனவே ஒரு படம் முழுக்க அடிவாங்கிய உடம்பு என்பதுதான். இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கத்தான் வருகிறோம்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். காலை நாற்காலியில் நீட்டிவைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"அந்த பாத்ரூமுக்கு எத்தனை படிடா?" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தான்.

"கையைத் தூக்கியிருந்தா முதல் படியிலேர்ந்து மறுபடி எடுக்கணும். ஏற்கனவே பதினாறு பேர் விழுந்து கிடக்கிறாங்க. அத்தனை பேரும் இன்னொரு தடவை விழணும்கா."

திட்டுவதற்கு மூட்டை மூட்டையாகக் கொண்டுபோயிருந்தேன். அவன் வைத்த கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தேன்.

"மூணாவது பாகத்துக்கும் கேட்டிருக்காங்க," என்றான் மெதுவாக. "சரின்னுட்டேன்."

அவன் பெண்டாட்டி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "நீங்க சொன்னா கேப்பாரு அண்ணி," என்றாள். கேட்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். இன்னொரு முறை அந்தக் கால் திரும்பினால் ஊன்றுகோலும் உதவாது என்பதும் தெரியும்.

மறுநாள் இரண்டு விதமாக நடந்தேன். ஒன்று ரெக்கார்டிஸ்ட் கேட்டபடி சமமாக, யாருடைய காலாகவும் இருக்கலாம். இன்னொன்று தம்பி நடந்தபடி. வெறும் வீம்புதான். படத்தில் அவன் முகம் ஒரு நொடிகூட இல்லை, பெயர் கடைசியில் எறும்பு ஊர்வதுபோல ஓடும். காலாவது அவனுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். டைரக்டர் இரண்டையும் கேட்டார். இரண்டாவதை மூன்று தடவை போடச் சொன்னார். பிறகு, "மியூசிக்கை எடுத்துடுங்க, இந்தக் கால் மட்டும் போதும்," என்றார்.

படம் வெளியான அன்று மதியக் காட்சிக்குத் தம்பியைக் கூட்டிப்போனேன். நாலாவது மாடிவரை ஒரே விசில். அவன் உருண்டதும் இசை நின்றது. அரங்கம் முழுக்க ஒரு கால் மிதித்தது, ஒரு கால் இழுபட்டது. பாப்கார்ன் தின்ற கைகள் அப்படியே நின்றன. முன்வரிசைப் பெண் புருஷன் சட்டைக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

"அக்கா, நான் இப்படியா நடக்கிறேன்?"

ஐந்தாவது மாடிக் கதவு உடைந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. நானும் நின்றேன். வெளியே வரும்போது ஒருவர், "நொண்டறதுகூட என்னமா நடிச்சிருக்காரு பாரு," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். ஊன்றுகோலோடு நின்ற தம்பி ஒதுங்கி அவருக்கு வழிவிட்டான்.

ஊரே அந்த நடையைத்தான் பேசியது. குழந்தைகள் தெருவில் நொண்டிக்கொண்டு சண்டை போட்டார்கள். மூன்றாம் பாகத்தில் ஹீரோ முழுக்க அப்படியே நடக்க வேண்டும் என்று டைரக்டர் முடிவு செய்துவிட்டார். ஸ்டண்ட் மாஸ்டர் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார்: விழ வேறு ஆள், நீ ஹீரோவுக்கு நடை சொல்லிக்கொடு, முதலில் போய் முட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வா. வீட்டில் அவன் சொன்ன பொய்யே நிஜ வேலையாக வந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் கழித்து ஒருநாள் காலை அவன் போன் செய்தான்.

"அக்கா, ரெண்டு நாளா தலைகீழா நின்னு பார்த்துட்டேன். இந்த ஆளுக்கு இடது கால் வரவே மாட்டேங்குது."

"நீ நடந்து காட்டேன்டா."

"அதாங்கா பிரச்சனை. எனக்கு இப்ப நேரா வருது." அவன் குரலில் சிரிப்பு இருந்தது. "அந்த நடை இப்ப உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. வந்து நடந்து காட்டு."

ஷூவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.