மலேரியா இல்லை என்று எழுதிய துண்டு

கோணேஸ்வரிக்கு மூன்றாவது தடவையாகக் காய்ச்சல் வந்தபோது கொழும்புப் போட்டிக்கான தெரிவு ஓட்டத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. தொண்ணூற்றேழாம் ஆண்டு. நான் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை செய்தேன். பள்ளிக்கூடத்தில் அவளும் நானும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள்.

"மலேரியாவோ எண்டு பார் அசனா. இல்லையெண்டால் ஓடுவன்," என்று விரலை நீட்டினாள்.

மலேரியா இல்லை. ஆனால் வெள்ளை அணுக்களை எண்ணிவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். கிருமியோடு சண்டை பிடிக்கிற அணுக்கள் இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை.

"எவ்வளவு ஓடுறாய்?"

அவளுடைய ஊர் சல்லி. அங்கிருந்து வரும் வழியிலுள்ள இராணுவச் சாவடியைக் காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். எட்டரைக்குக் கந்தோரில் வேலை தொடங்கிவிடும். பின்னேரம் கடற்கரைப் பக்கம் போக இராணுவம் விடாது. அதனால் ஒரு நாளுக்குரிய ஓட்டம் முழுவதையும் அந்தக் காலைப் பொழுதுக்குள்ளேயே உயிரை விட்டு ஓடி முடித்திருக்கிறாள். இரண்டு மாதமாக, ஒரு நாள்கூட ஓய்வில்லை.

"உடம்பை முறிச்சு ஓடினால் கொஞ்ச நேரத்துக்கு எதிர்ப்புச் சக்தி இறங்கும். பிறகு தானா ஏறும். நீ அதை ஏற விடுறாய் இல்லையடி. காய்ச்சலோட ஓடினால் கிருமி நெஞ்சுக்குப் போகும்."

"ஐயாயிரம் மீற்றர்தானே," என்றாள்.

பின்னேரம் அவளுடைய பயிற்சியாளர் குணரத்தினம் அண்ணன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பத்து வருசமாகத் தான் பழக்கிய பிள்ளைகளில் ஒருத்தியாவது கொழும்பில் ஓடவேண்டும் என்று காத்திருந்தவர்.

"மலேரியா இல்லை எண்டு எழுதித் தாங்கோ தங்கச்சி."

எழுதிக் கொடுத்தேன். அணுக்களின் கணக்கையும் கீழே எழுதினேன். அவர் முதல் வரியை வாசித்துவிட்டுத் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மறித்து விளங்கப்படுத்தியிருக்கலாம். வரிசையில் ஆட்கள் நின்றார்கள், விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தா. "இரவு முழுக்கக் கொதிச்சது பிள்ளை. ரெண்டு பனடோல் மாத்திரையைப் போட்டிட்டு ஓடப் போயிட்டாள்."

சைக்கிளை எடுத்தேன். வழியில் சாவடியில் மறித்தார்கள். எங்கே போகிறாய் என்று கேட்ட சிப்பாய்க்கு அடையாள அட்டையைக் காட்டி, ஆஸ்பத்திரி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி எனக்குப் பின்னால் இருந்தது. அவன் என்னை ஒதுக்கி நிறுத்தினான். மைதானத்து ஒலிபெருக்கி அங்கே கேட்டது. பெண்கள் ஐயாயிரம் மீற்றர், வரிசைக்கு வரவும் என்றார்கள். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், சிநேகிதிக்குச் சுகமில்லை, ஓடப் போகிறாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பையைக் கொட்டிப் பார்த்து, கால் மணித்தியாலம் கழித்துத்தான் விட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழாவது சுற்று. கோணேஸ் முன்னால் ஓடினாள். உதடு வெளிறிக் கிடந்தது.

"நில்லடி!"

திரும்பியும் பார்க்கவில்லை.

"குழப்பாதீங்கோ தங்கச்சி. இன்னும் ஐஞ்சு சுற்றுத்தான்," என்றார் குணரத்தினம் அண்ணன்.

"அண்ணே, அவளுக்கு இரவு முழுக்கக் காய்ச்சல். நான் எழுதினது மலேரியா இல்லை எண்டு மட்டும்தான். சுகம் எண்டு எழுதேல்லை. நெஞ்சு நிண்டு போனால் என்ன செய்யப் போறீங்கள்?"

அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த சுற்றில் அவள் நெஞ்சைப் பொத்தினாள். கால் பின்னியது, ஆனாலும் ஓடினாள். குணரத்தினம் அண்ணன் கடிகாரத்தை என் கையில் திணித்துவிட்டுக் கயிற்றைத் தாண்டிப் பாய்ந்து, ஓடுபாதையில் வைத்தே அவளை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். விடுங்கோ, விடுங்கோ என்று அவள் அவருடைய நெஞ்சில் குத்தினாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி ஓடி, தவறி, திரும்ப ஓடியது.

இதயத் தசையில் அழற்சி என்றார் டொக்டர். முழுதும் ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். இதயம் நின்றிருக்கலாம் என்றார்.

ஆறு கிழமை படுக்கை, ஆறு மாதம் ஓட்டமில்லை. கொழும்புக்கு வேறு இரண்டு பேர் போனார்கள். கோணேஸ் எங்கள் இருவரோடும் கதைக்கவில்லை. குணரத்தினம் அண்ணன் கிழமைக்கு இரண்டு தரம் தோடம்பழத்தோடு வந்து, வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போவார். மூன்றாம் மாதம்தான் அவள் அவரை உள்ளே வந்து இருக்கச் சொன்னாள். என்னோடும் அதற்குப் பிறகுதான் கதைத்தாள்.

அடுத்த வருசப் பயிற்சியில் கிழமைக்கு இரண்டு நாள் ஓய்வு. தெரிவு ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தாள். எடுத்தது இரண்டு பேரை. அழுவாள் என்று பயந்துகொண்டு பக்கத்தில் போனேன்.

"இந்தமுறை காய்ச்சல் இல்லாமலே தோத்திட்டன்," என்று சிரித்துவிட்டு, என் கையிலிருந்த சோடாவை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.